நுரை பொங்கியும் பாத்திரத்தின் உப்புப் படிவு ஏன் கரையவில்லை?

கேள்வி (பாலக்கோடு):
எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தினமும் காய்ச்சிக் காய்ச்சி, எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்து, சுரண்டினாலும் வராதபடி இறுகிவிட்டது. புளிக்கரைசலையும் ஆப்பச் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. நுரை பொங்கி வழிந்தது. அடங்கிய பின் பார்த்தால் படிவு அப்படியே இருக்கிறது. காரணம் என்ன? காய்ச்சினால், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடும் அடியில் தங்கிவிடுமா? வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பதால் கேட்கிறேன்.

மறுமொழி (அரூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்):
அம்மா, அந்த நுரை படிவிலிருந்து வந்ததன்று. ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்; உங்கள் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இரண்டுமே அமிலம் பட்டால் கரியமில வாயுவை வெளியிடும் என்றாலும், நீரில் எளிதில் கரையும் சோடா புளியின் அமிலத்தை முந்திக்கொண்டு தீர்த்துவிடுவதால், கல்லாக இறுகிய படிவுக்கு அமிலம் மிஞ்சுவதில்லை.

படிவு உண்டான வழியும் இதே வாயுவால்தான். மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று, மிக மெல்லிய சோடா நீரைப் போலாகி, கால்சியச் சேர்மங்களைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. காய்ச்சும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருக்க வழியற்ற கால்சியம் கார்பனேட்டாக அடியில் இறங்கிவிடுகிறது.

மறுமொழி (காவேரிப்பட்டணம்):
சோடாவை விட்டுவிடுங்கள், சகோதரி. புளியும் இதற்கு அவ்வளவு பொருத்தமன்று. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத வேறொரு உப்பாகிவிடுகிறது. வினிகரோடு அதே அளவு நீர் கலந்து, இளஞ்சூட்டில் அரைமணி நேரம் ஊறவிட்டால், உண்டாகும் கால்சியம் அசிடேட் நீரோடு போய்விடும். அலுமினியப் பாத்திரமாக இருந்தால் நீண்ட நேரம் ஊறவிட வேண்டாம்.

மறுமொழி (அரூர் ஆசிரியர்):
புளோரைடைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன், அதுதான் முக்கியம். காய்ச்சுவதை அதற்குத் தீர்வாக நம்பவே கூடாது. புளோரைடு ஆவியாகாது, நீர் வற்ற வற்ற, மீதமுள்ள நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதுவரை குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
ஐயா, மிக்க நன்றி. இன்று வினிகர் ஊற்றினேன். மேலே பெரிய நுரை எழவில்லை. படிவின் மீதிருந்தே சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நாளை மறுபடியும் ஊறவைக்கிறேன். குழந்தைகளுக்கு ஒகேனக்கல் நீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைத்திருக்கிறேன்.