உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளை ஆய்வில் பங்கேற்கச் செய்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். பெற்றோர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பிழைக்கப் போய்விட, அம்மாச்சியிடமோ தாய்மாமன் வீட்டிலோ வளரும் பிள்ளைகளைப் பற்றி உசிலம்பட்டிப் பக்கம் ஆய்வு செய்கிறேன். பிள்ளைகளும் ஊராரும் ஆய்வில் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம் (அந்தச் சொல் அங்கே தந்தைவழி உறவினரைக் குறிக்கும் என்பதைப் போன பிறகுதான் உணர்ந்தேன்). ஆனால் பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் பாட்டியே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். ஒப்புதல் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதும் விளங்கவில்லை.

பதில் 1:
இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோர் அல்லது சட்டப்படியான பொறுப்பாளரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழி இசைவும் (அதாவது பிள்ளையே தரும் சம்மதம்), அதற்கு மேல் 18 வரை எழுத்துவழி இசைவும் பெற வேண்டும். பாட்டி பெரும்பாலும் சட்டப்படியான பொறுப்பாளர் அல்லர் என்பதால், பெற்றோரிடமும் தொலைபேசியில் பேசி, அந்த நடைமுறைக்கு உங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

பதில் 2:
செல்லம்பட்டிப் பக்கம் நாங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, சோறு போடுவது, தலை சீவிவிடுவது, ரேங்க் கார்டில் கையெழுத்திடுவது யார் யார் என்று தரையில் பிரித்து வைக்கச் சொன்னோம். ஒரு சிறுமி எல்லாவற்றையும் அம்மாச்சி பக்கம் வைத்துவிட்டு, ஒரே ஒரு கொட்டையை மட்டும் தள்ளி வைத்தாள். கேட்டபோது, "காய்ச்சல் வந்தா அம்மாவுக்குப் போன் போடுவேன், அதுக்கு" என்றாள். எங்கள் வினாப்பட்டியலில் அப்படியொரு கேள்வியே இல்லை. பாட்டிக்கும் தனியாக ஒரு பிடி கொடுத்துவிடுங்கள், அவர் கவனம் அதில் போய்விடும். பேனாவும் தாளுமாகப் போனால் முதியோர் உதவித்தொகையை நிறுத்தவோ, பிள்ளையை விடுதிக்குக் கொண்டுபோகவோ வந்திருப்பதாக ஊரார் அஞ்சுவார்கள். ஆகவே முதல் இரண்டு மூன்று முறை வெறுங்கையோடு போவது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிள்ளைகள் சொன்னவற்றை அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கலாமா?

பதில் 2:
சிறிய ஊரில் "மாமன் வீட்டில் வளரும் பத்து வயதுச் சிறுமி" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனவே முதலில் பிள்ளைகளிடமே வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் வரிகளை அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சபையில் வையுங்கள்.