மறு: ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'தொலைவுமானி' போதுமே. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் எளிதாகப் புரியும்.

கேமராவில் குவியத்தைச் சரிசெய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அந்தச் சொல் போதும் என்றுதான் நானும் போன மாதம் வரை நினைத்திருந்தேன். அப்புறம் லைக்கா எம்6 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா கைக்கு வந்தது. 2022இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்களே, அந்தப் பதிப்பு. மூன்று சுருள் எடுத்து முடிப்பதற்குள் அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

மானி என்றால் அளந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். நில அளவைக்காரருக்கும் பீரங்கிப் படைக்கும் தொலைவுமானி சரியான சொல். அவர்களுக்கு வேண்டியதே அந்த எண்தான். இந்தக் கேமராவில் கண்ணை வைத்தால் தொலைவு என்று எந்த எண்ணும் தெரியாது. நடுவில் சின்னதாக ஒரு வெளிச்சக் கட்டம். அதற்குள் விழுவது மட்டும் இரட்டையாகத் தெரியும்: எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு, கண்ணிமைக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான இமை. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து மற்றதன் மேல் உட்காரும். உட்கார்ந்ததா, குவியம் சரி, அழுத்த வேண்டியதுதான். எத்தனை மீட்டர் என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. லென்ஸில் மீட்டர் பொறித்திருக்கிறது, மறுக்கவில்லை. அது எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) லென்ஸிலும்தான் இருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: இணைநோக்கி. கேமராவுக்கு இணைநோக்கிக் கேமரா.

வினையாகப் புழங்குகிறதா என்று பார்த்தேன். "இணைத்துவிட்டாயா?", "கழுத்துப்பட்டை ஓரத்தில் இணை", "இருட்டில் இணையவே மாட்டேன் என்கிறது." எல்லாம் தானாக வருகிறது. தொலைவுமானியை வைத்து இப்படி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். தப்பைக்கூட இந்தச் சொல்லால் சொல்லலாம். ஜன்னல் கம்பிகளைக் குறிவைத்தபோது ஒரு கம்பி பக்கத்துக் கம்பியின் பிம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. கட்டத்துக்குள் எல்லாம் கச்சிதம், படம் மங்கல். தவறான இணை, அவ்வளவுதான். கிடைமட்டக் கோடு என்றால் இன்னொரு சிக்கல்: பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும் என்பதால் பிசகு கண்ணுக்கே தெரியாது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி இணைக்க வேண்டும்.

> இணை என்றால் இணைகோடு நினைவுக்கு வராதா?

வரட்டும், அதுதான் எனக்குப் பிடித்ததே. கேமரா முகப்பில் இரண்டு சாளரங்கள், எம்6இல் ஏறக்குறைய 7 செ.மீ. இடைவெளியில். அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரண்டின் பார்வைக் கோடுகளும் சாய்ந்து சந்திக்கும். பொருள் தள்ளிப் போகப் போகச் சாய்வு குறையும். முடிவிலியில் அவை இணைகோடுகளே. சோடி, சேர்தல், இணைகோடு என்று மூன்று பொருளும் ஒரே கருவியில் கிடக்கின்றன. ஜெர்மானியர்கள் 'மெஸ்ஸூகர்' (அளவுநோக்கி) என்று அளவையும் உள்ளே வைத்துத்தான் சொல்கிறார்கள். அது அவர்கள் வழக்கம்.

> படம் அமைக்கும் சாளரமும் இதுவும் வேறு வேறு உறுப்புகள் இல்லையா?

முன்பு வேறுதான். 1932இல் வந்த லைக்கா II-இல் ஒரு துளையில் இணைத்துவிட்டு, அடுத்த துளைக்குக் கண்ணை மாற்றிப் படத்தை அமைக்க வேண்டும். 1954இல் எம்3 வந்தபோதுதான் லைக்காவில் இரண்டும் ஒரே கண்துளைக்குள் வந்தன. இரண்டு வகையிலும் பிம்பங்கள் இணைகின்றன என்பதால் பெயர் இரண்டுக்கும் செல்லும்.

வெட்கத்தை விட்டு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் சுருளில் நான்கு படங்களை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தேன். பார்வை லென்ஸ் வழியாகப் போவதில்லை அல்லவா, சாளரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒளிமானியின் சிவப்பு அம்பு மட்டும் வெளிச்சம் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் அதை நம்பி ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். மானி என்ற சொல்லுக்கு உரியது அந்த அம்புதான், அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

பார்க்கும் இடம் மாறினால் பொருளும் நகர்ந்ததுபோல் தெரிகிறதே, அந்த இடமாறு தோற்றப் பிழைக்குப் (பாரலாக்ஸ்) பாடப்புத்தகச் சொல்லே இருக்கட்டும். நடுவில் உள்ள அந்த வெளிச்சக் கட்டத்துக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. 'இணைகட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.