கண்டிஷனல் ஆர்டரில் கேண்டில் எத்தனை நிமிடம்?

பாம்பன்காரன்:
61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனின் திங்க்ஆர்ஸ்விம் (பங்கு வாங்கி விற்கும் மென்பொருள்) கணக்குக்கு நான்தான் ஸ்க்ரிப்ட் எழுதித் தருகிறேன். 15 நிமிட சார்ட்டைப் பார்த்து (15 நிமிட விலை அசைவுக்கு ஒரு கேண்டில், அதாவது ஒரு பட்டை), 20 கேண்டில் சராசரியை விலை மேலே வெட்டினால் வாங்கு என்று கண்டிஷனல் ஆர்டர் போட்டோம், நிபந்தனை நிறைவேறினால் தானே வாங்கிவிடும். இரவு 7 மணிக்குச் சந்தை திறந்தது, அரை மணிக்குள் வாங்கிவிட்டது. சார்ட்டில் விலை அந்தக் கோட்டைத் தொடவே இல்லை! அப்புறம்தான் பார்த்தேன், ஆர்டரின் கண்டிஷன் பெட்டியில் 1 நிமிடம் என்று இருந்தது. சார்ட்டில் வைத்த அளவு ஆர்டருக்கு வராதாம். ஐந்து மணி நேரச் சராசரி என்று நான் நினைத்தது வெறும் 20 நிமிடச் சராசரி. 15 என்று மாற்றினால் போதும்தானே?

கீழக்கரை காக்கா:
போதாது தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலில் க்ளோஸ் (முடிவு விலை) என்றால் அந்த நொடியின் விலை. 7:17க்கு ஒரு துள்ளு துள்ளினாலே ஆர்டர் போய்விடும், 7:30க்குக் கேண்டில் முடியும்போது விலை கீழே கிடக்கும். க்ளோஸுக்கும் சராசரிக்கும் பின்னால் சதுர அடைப்பில் 1 போடுங்கள். முடிந்த கேண்டிலை மட்டும் பார்க்கும்.

தொண்டி வாடைக்காற்று:
காக்கா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. கேண்டில் முடியும்வரை காத்திருந்தால் ஏற வேண்டியது ஏறிப் போய்விடும். நான் 1 நிமிடமே வைத்து, 20க்குப் பதில் 300 போடுகிறேன். அதே ஐந்து மணி நேரம்தான்.

பாம்பன்காரன்:
1 நிமிடத்தை வைத்துக்கொண்டு 15 நிமிடச் சராசரியை ஸ்க்ரிப்ட்டுக்குள்ளேயே கூப்பிட முடியாதா?

கீழக்கரை காக்கா:
சார்ட்டில் முடியும். ஆர்டரில் இரண்டாவது கால அளவை ஏற்காது, பிழை காட்டும்.
தொண்டித் தம்பி சொல்லும் 300, கோட்டைக் கிட்டத்தட்ட அதே இடத்தில் போடும், சரி. ஆனால் விலை கோட்டை வெட்டுகிறதா என்று பார்ப்பது நிமிடத்துக்கு நிமிடம். கோட்டை ஒட்டியே விலை ஆடும் நாளில் முதல் உரசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தொண்டி வாடைக்காற்று:
உரசினால் வெளியே வந்துவிடுவேன், விலை இறங்கினால் தானே விற்கும் ஸ்டாப் இருக்கிறது.

பாம்பன்காரன்:
திரை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி, அண்ணே. ஜூன் 14 முடிந்தால் நான் இரவு முழுக்கக் கடலில், சிக்னலே கிடையாது. 15 வைத்து, சதுர அடைப்பில் 1 போட்டுவிடுகிறேன்.

தொண்டி வாடைக்காற்று:
கடலுக்குப் போகிறவர் அப்படியே வையுங்கள். நான் 300ஐ விடமாட்டேன்.