வெளிநாடு போய்வந்த நோயாளி, நாம் கேட்ட கேள்வி: உங்கள் அனுபவம் என்ன?

தாதி, கல்முனை:
2015 ஜூன், தென்கொரியாவில் மெர்ஸ் (மத்திய கிழக்கில் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கடும் சுவாச நோய்) பரவிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் சுற்றறிக்கையை டெங்கு அறிவித்தலின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். உம்றாவிலிருந்து திரும்பிய உம்மா ஒருவர் இருமலோடு வந்தார். புதிதாக வந்த டொக்டர் முதலில் கேட்டதே, "உம்மா, இந்த இரண்டு கிழமைக்குள் வெளிநாடு போனீர்களா?" என்றுதான். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மக்காவுக்குப் போய்வந்தவரை ஏன் ஒதுக்குகிறீர்கள்?" வரிசையே திரும்பிப் பார்த்தது. உம்மா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த முகக்கவசத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு தனியறைக்கு நடந்தார். மெர்ஸ் இல்லை என்று முடிவு வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்பது இன்னும் உறுத்துகிறது.

வைத்தியர், மட்டக்களப்பு:
சுற்றறிக்கை வந்தால் எல்லோருக்கும் உம்றாதான் நினைவுக்கு வருகிறது. இது சரியில்லை. கொரியாவுக்கு மெர்ஸைக் கொண்டுபோனவர் வளைகுடாவுக்கு வியாபாரத்துக்காகப் போனவர். மே 4ஆம் திகதி திரும்பினார், மே 20ஆம் திகதிதான் நோய் உறுதியானது. அதற்குள் பல வைத்தியசாலைகள் ஏறி இறங்கிவிட்டார். 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள்.

எங்கள் வாட்டில் படுவான்கரைப் பெண் ஒருவர், நியூமோனியா. வெளிநாடு போனதே இல்லை என்றார். "அம்மா போன கிழமைதான் ரியாதிலிருந்து வந்தவர்" என்றாள் மகள். சட்டென்று பிள்ளையின் வாயைப் பொத்தினாரே, அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. வேலை செய்த வீட்டிலிருந்து தப்பி வந்தவர். பொலிஸுக்குச் சொல்லிவிடுவோம் என்று பயந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அக்கரைப்பற்று:
என் கதை சின்னது. வெளிநாடு போய்வந்த ஒருவரின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்தினார்கள்.

ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நோயாளி வந்ததும் துண்டு எழுதும் இடத்திலேயே, வெளிநாடு போனீர்களா என்று எல்லோரிடமும் கேளுங்கள். அபாயாவா பொட்டா என்று பார்த்துக் கேட்டால்தான் கோபம் வரும். நாட்டின் பெயரோடு நிறுத்தாதீர்கள்: ஒட்டகப் பண்ணைக்குப் போனாரா, காய்ச்சாத ஒட்டகப் பால் குடித்தாரா, அங்கே வைத்தியசாலையில் இருந்தாரா என்றும் கேளுங்கள். தொற்றி 14 நாள் வரை கழித்தும் காய்ச்சல் தொடங்கலாம். சந்தேகம் வந்ததுமே தொற்றுநோயை அறிவிக்கும் 544 படிவத்தை நிரப்புங்கள், ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. அதற்கும் முன்னால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். புறப்படுகிறவர்களையும் விடாதீர்கள். 2024இல் உம்றாவோடு தொடர்புடைய மெனிங்கோகோகல் தொற்று (மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பக்டீரியாத் தொற்று) அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் வரை போனது. அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும். கடைசி நாளில் ஓடிவருகிறவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

தாதி, கல்முனை:
ஐயா, துண்டு எழுதும் இடத்தில் எல்லோருடைய காதும் இருக்கிறது. அங்கே கேட்டால் ரியாதிலிருந்து வந்த அந்த அம்மா வாயே திறக்கமாட்டார். எல்லோரிடமும் கேட்கவும் வேண்டும், மற்றவர் காதில் விழவும் கூடாது. யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.