கையில் காசு குறைவு, மனசில் கேமிங் லேப்டாப்: உங்களுக்கு என்ன நடந்தது?

அரைத்தூக்கம்

மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தை மகன் முதலில் வாங்கினான், அதில் கேமின் படத்தை வரைகிற என்விடியா சிப் ஆர்டிஎக்ஸ் 3050. நான் இன்னும் இரண்டு மாதம் காசு சேர்த்து, அதற்கு ஒரு படி மேலான 3050 டிஐ வாங்கினேன். அந்த 'டிஐ'க்காகத்தான் காத்திருந்தேன். என்னுடையது மெலிசு, அலுமினிய மூடி, பையில் இருப்பதே தெரியாது. அவனுடையது செங்கல். பார்த்தவுடன் சிரித்தேன்.

விடுமுறையில் இரண்டையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ஒரே கேம், ஒரே செட்டிங்ஸ், மழை பெய்யும் அதே சந்தைத் தெரு. மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, ஓடுகிறது. அவனுக்கு 71. எனக்கு 52. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் எண்ணைப் பார்த்தான், என் எண்ணைப் பார்த்தான், அப்புறம் மெதுவாகத் தன் லேப்டாப்பை எனக்குத் தெரியாதபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான். கேலி செய்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கிறது, அந்தச் சிப் அதிகபட்சம் இழுக்கும் மின்சாரம். எனக்கு 40 வாட். அவனுக்கு 75. இந்த இரண்டு சிப்பையுமே 35 முதல் 80 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட விடலாம், அதை முடிவு செய்வது லேப்டாப் செய்கிற கம்பெனி. மெலிசாகச் செய்தால் சூடு போக வழியில்லை, அதனால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், வேகமும் குறைகிறது. பெட்டியின் மேல் டிஐ என்று பெரிதாகப் போட்டிருந்தது. வாட் எவ்வளவு என்று ஒரு மூலையிலும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாலுஜிபி

வாட் எல்லாம் சரி நண்பரே, ஆனால் 80 வாட் கொடுத்திருந்தாலும் உங்கள் சிப்பில் நினைவகம் 4 ஜிபிதானே? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

என் கதை சின்னது. நாற்பது மணி நேரம் ஆடிய கேம், கடைசிக் காட்சி. கதாநாயகனின் அப்பா சாகிறார். கேமரா மெதுவாக அவர் முகத்துக்குப் போகிறது. முகம் லோடு ஆகவில்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை, தாடி உருகிய மெழுகு மாதிரி. அவர் கடைசி வார்த்தை பேசி முடித்து, தலை சாய்ந்து, இசை ஏறி, அதற்கப்புறம்தான் முகம் வந்தது. அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன்.

கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் சாதாரண ரேமுக்குப் போய்விடும். அங்கேயிருந்து திரும்பி வர நேரமாகும். அதன் அடையாளம்தான் அந்த மெழுகுத் தாடி. டெக்ஸ்சரை, அதாவது தோல், துணி மாதிரியான மேற்பரப்புப் படங்களின் தரத்தை, 'மீடியம்' ஆக்கினால் சரியாகிவிடும், ஆனால் அப்பா ஒருமுறைதான் சாவார்.

பின்னால் 3050 என்ற அதே பெயரில் 6 ஜிபி ஒன்றும் வந்தது. அதில் நினைவகத்துக்குப் போகிற பாதை 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகக் குறைந்திருக்கும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்த 6-ஐத்தான் எடுத்திருப்பேன்.

மேசைக்கட்சி

நானும் ஒன்று வாங்கினேன். எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். அவ்வளவுதான் கதை.

ஆனால் மேலே இருக்கும் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அழுவது வாட்டுக்கும் இல்லை, ஜிபிக்கும் இல்லை. லேப்டாப் வாங்கியதற்கே அழுகிறீர்கள். பெயரை வைத்து ஏமாற்றுவது 3050-உடன் நிற்கவில்லை. டெஸ்க்டாப் 3060-இல் 12 ஜிபி வந்தது, லேப்டாப் 3060-இல் 6. டெஸ்க்டாப் 4070-இல் 5888 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு), 12 ஜிபி. லேப்டாப் 4070-இல் 4608 கோர், 8 ஜிபி. 4060-இல் மட்டும் இரண்டிலும் ஒரே 3072 கோர், அதிசயம்! அங்கேயும் வாட் குறைத்து ஓட்டினால் வேகம் குறையும்.

காசு குறைவு என்பவர் டெஸ்க்டாப் பக்கம் வரவேண்டும். முதல் வருடம் கேபினட்டும் மதர்போர்டும் நல்லதாக வாங்குங்கள், கார்டு பழையதாக இருக்கட்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அது வெடித்தால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். அடுத்த வருடம் கார்டை மாற்றுங்கள். பழைய கார்டை விற்றால் கொஞ்சம் திரும்பி வரும். லேப்டாப்பில் சிப்பைப் பலகையோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள், கழற்ற முடியாது. விசிறி போனால் அந்த மாடலுக்கே உரிய விசிறி தேடவேண்டும். டெஸ்க்டாப் கேபினட்டில் அளவு சரியாக இருந்தால் எந்த விசிறியும் பொருந்தும். மானிட்டர் பழையது கிடைத்தாலும் போதும். கீபோர்டு யாராவது சும்மாவே கொடுப்பார்கள். மேசை இல்லையென்றால் ஒரு பலகை போதும். இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் லேப்டாப் பற்றிப் பேசலாம்.

ஜன்னலோரம்

ஒரு அறையில் நாலு பேர், எனக்குச் சொந்தமாக இருப்பது மேல்கட்டில் மட்டும். பலகையை எங்கே போடுவது, உங்கள் தலைமேலா?

சரி, என் விஷயம். ரயிலில் ஆறு மணி நேரப் பயணம். அதற்காகவே முதல் நாள் ராத்திரி முழுக்க ஒரு கார் ரேஸ் கேமை இறக்கி வைத்தேன். அறையில் சார்ஜர் போட்டு ஆடியபோது வெண்ணெய் மாதிரி ஓடியது. ரயிலில் திறந்தேன், பக்கத்து சீட்டில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். கேம் ஆரம்பித்தது. 30 ஃபிரேமுக்கு மேல் போகவே இல்லை. கார் தத்தித் தத்திப் போகிறது. பையன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்தாவது நிமிடம் திரை அணைந்தது. "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். "நீங்க ஜெயிக்கலையே?" என்றான்.

கணக்கு முன்னாடியே போட்டிருக்கலாம். என் பேட்டரி 52 வாட் அவர், அதாவது 52 வாட் வீதம் குடித்தால் ஒரு மணி நேரம் வரும். சார்ஜரில் ஓடும்போது இந்த மெஷின் 120 வாட்டுக்கு மேல் குடிக்கிறது. அப்படியே பேட்டரியில் ஓடவிட்டால் அரை மணி நேரம்கூட வராது. அதனால்தான் செருகியைப் பிடுங்கியவுடன் அதுவே வேகத்தைக் கட்டிப் போடுகிறது. பெரிய பேட்டரி வேண்டும் என்றாலும் 99 வாட் அவருக்கு மேல் லேப்டாப்பில் கிடைக்காது, 100-ஐத் தாண்டினால் விமானத்தில் கையோடு கொண்டுபோகத் தனி அனுமதி கேட்கவேண்டும். எப்படிப் பார்த்தாலும் கேமிங் லேப்டாப் என்பது எடுத்துப் போய் இன்னொரு சுவரில் செருகுகிற பொருள். அதுவே எனக்குப் போதும், மேல்கட்டில் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது.

ஒற்றைக்குச்சி

யாருமே ரேம் பற்றிப் பேசவில்லை! 8 ஜிபி என்று போட்டிருந்தது, சரி என்று வாங்கிவிட்டேன். அது ஒரே குச்சி என்பதும், பக்கத்து ஸ்லாட் காலியாக இருப்பதும் எனக்குத் தெரியாது. ஒரே குச்சி என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரே ஒரு சாலை. சராசரி ஃபிரேம் 60 காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும்.

இன்னொரு குச்சி வாங்கினேன். முதலில் வாங்கியது டிடிஆர்5. என்னுடையது அதற்கு முந்தைய வகை, டிடிஆர்4. குச்சியின் நடுவில் இருக்கும் பள்ளம் பொருந்தாது, பொருந்தவே பொருந்தாது, நான் அழுத்திப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சரியானதை மாற்றி வாங்கி, பேப்பர் விரித்து, அடிமூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு கிளிப் போச்சு என்று உயிரே போய்விட்டது. உண்மையில் அது திறக்கும் சத்தம்தான். அடுத்த பதினொரு கிளிப்பும் அதே சத்தம் போட்டன, ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சராசரி பத்துப் பன்னிரண்டுதான் ஏறியது. ஆனால் அந்த வெட்டு போயே போய்விட்டது. முன்னாடி 24 வரைக்கும் விழுந்துகொண்டிருந்தது, இப்போது 45-க்குக் கீழே போவதில்லை. வாங்குபவர்கள் ஒன்றே ஒன்று பாருங்கள், ஸ்லாட் எத்தனை. எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஒட்டி வைத்த ரேம், ஏற்ற முடியாது.

செங்கல்சிவப்பு

ஒற்றைக்குச்சி சொல்வதில் பாதிதான் சரி. ரேமை அப்புறம் போடலாம், எஸ்எஸ்டியை அப்புறம் மாற்றலாம், அதனாலேயே வாங்கும்போது அவற்றைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். திரையை யார் மாற்றுவது?

தம்பிக்கு வாங்கினோம். அவன் கேம் ஆடுவான், நான் போட்டோ வேலை செய்வேன் என்று பேச்சு. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாற்றும் திரை) என்று ஸ்டிக்கர் பார்த்து மயங்கிவிட்டான். முதல் வேலையாக ஒரு கல்யாணப் போட்டோவைத் திருத்த எடுத்தேன். பெண்ணின் சிவப்புப் புடவை திரையில் மங்கலாக, உயிரே இல்லாமல் இருந்தது. நான் ஏற்று ஏற்று என்று ஏற்றி, நல்ல சிவப்பாக்கி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனில் திறந்தால் புடவை எரிகிறது. முகமும் சேர்ந்து சிவந்திருக்கிறது. "பொண்ணுக்குக் காய்ச்சலா?" என்று அந்த வீட்டுப் பெரியம்மா கேட்டார்களாம். இப்போதும் போன் அடித்தால் அந்தப் பெரியம்மாதானோ என்று தோன்றும்.

சின்ன எழுத்தில் '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தது, திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதன் அளவு அது. வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட அதில் வராது என்று அப்போது எனக்குத் தெரியாது. '100% எஸ்ஆர்ஜிபி' என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் நம்புங்கள். சரி, கேமுக்காவது நன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 144 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட். அந்தத் திரை நிறம் மாறுவதற்கே அதைப்போல மூன்று மடங்கு எடுக்கும் போலிருக்கிறது. ஓடுகிற ஆளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் ஆவி மாதிரி ஓடுகிறான். தம்பி இரண்டு பேரையும் சுடுகிறான்.

மேசைக்கட்சி

டெஸ்க்டாப் என்றால் மானிட்டரைத் தனியாக மாற்றலாம். சும்மா சொல்லிவைக்கிறேன்.

கறுப்புத்திரை

விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினேன், திறந்தால் கறுப்புத் திரை, மூலையில் மினுக்குகிற ஒரு கோடு. விண்டோஸ் இல்லை, ஃப்ரீடாஸ் என்ற வெறும் எழுத்துத் திரை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். கதை கேம்கள் நிறைய ஓடின, ஆச்சரியம்தான். ஆனால் நண்பர்கள் எல்லாரும் ஆடுகிற அந்த ஒரு கேமில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸைக் கண்டால் கதவையே திறப்பதில்லை. விண்டோஸ் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

தூசிதட்டி

நான் பழசு வாங்கினவன். விற்றவர் முன்னாலேயே கேம் போட்டுக் காட்டினார், ஐந்து நிமிடம், அருமை. வீட்டில் பன்னிரண்டாவது நிமிடம் விசிறி ஊளையிட்டது, பிராசசர் 97 டிகிரி, ஃபிரேம் பாதியாக விழுந்தது. சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அவருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகவே தெரிந்திருக்கும். ஆறாவது நிமிடத்தில் டீ எடுத்துவரப் போனாரே, அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

திறந்தேன். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி. தூள் தூளாக இல்லை, கம்பளித் துணி மாதிரி ஒரே துண்டாக. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரு விரல் நீளத்துக்கு முழுசாக வந்தது. வெளியே இருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது, உள்பக்கம்தானே ஒட்டியிருக்கிறது. சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது, அதையும் மாற்றினேன். 97 இப்போது 84.

அரைத்தூக்கம், நீங்கள் அந்த டிஐயை மூன்று வருடமாக ஒருமுறையாவது திறந்தீர்களா? மெலிசான மெஷினில் தகடுகள் இன்னும் நெருக்கம், சீக்கிரம் அடைக்கும்.

அரைத்தூக்கம்

திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். துணி இருந்தது.

திறப்பதற்கு முன்னாடி அதே சந்தைத் தெருவில் அதே செட்டிங்ஸில் பார்த்தேன், 44. மூன்று வருடத்தில் எட்டு ஃபிரேம் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. துணியை எடுத்து, பேஸ்ட் மாற்றி, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி வைத்து உயர்த்தி மறுபடி ஓட்டினேன். 53. வாங்கிய நாளைவிட ஒன்று அதிகம்!

போட்டோ எடுத்து அத்தை மகனுக்கு அனுப்பினேன். அவன் அந்தச் செங்கல்லைப் போன வருடமே விற்றுவிட்டானாம். "எந்தத் தெரு?" என்று கேட்கிறான்.