ஆக்சோலாட்டில் தொட்டி: சைக்கிள் முடியறதுக்கு முன்னாடியே நைட்ரேட் 40 காட்டுது, ஏன்?

வலங்கைமான்:
ரெண்டு ஆக்சோலாட்டிலுக்காக (தண்ணியிலயே வாழற சாலமாண்டர் வகை) 150 லிட்டர் தொட்டி தயார் பண்றேன். சைக்கிள் ஓடிட்டிருக்கு, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியாவை வளர்த்துட்டிருக்கேன். வீட்டு போர் தண்ணி, கொல்லைக்குப் பின்னாடியே வயல். ஒரு கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டா அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வருது. ஈயம் பூசற நவச்சாரம் இல்லை, கும்பகோணத்துல லேப் சாமான் கடையில வாங்கின சுத்தமானது. மறுநாளே அம்மோனியா பூஜ்யம். ஆனா நைட்ரைட் 5-லயே நிக்குது. நைட்ரேட் ஆரம்பத்துலேருந்தே 40, பாதித் தண்ணி மாத்தியும் இறங்கலை. சூடு 29 டிகிரி. கடையில "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, விடுங்க"ன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை.

பாபநாசம் வாத்தியார்:
விடாதீங்க தம்பி. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம பண்றது நைட்ரைட். தெளிவை வச்சு அதைச் சொல்லவே முடியாது.

தொட்டியை விட்டுட்டு, போர் தண்ணியை மட்டும் டெஸ்ட் பண்ணுங்க. நைட்ரைட் இருக்கற தண்ணியில நைட்ரேட் டெஸ்ட் கூட்டிக் காட்டும். நைட்ரேட் கிட்ல ரெண்டாவது பாட்டிலை நல்லா குலுக்குங்க, மருந்து அடியில தங்கிடும். எனக்கு வயல் மேலதான் சந்தேகம். குறுவைக்கும் சம்பாவுக்கும் போடற யூரியால பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டா கீழ இறங்கும். ஆழமில்லாத போர்ல அது வந்துடும்.

வலங்கைமான்:
பார்த்துட்டேன் சார். போர் தண்ணியே 40, அதுல நைட்ரைட் இல்லை. முழுக்க ஆர்ஓ தண்ணி ஊத்திடவா?

பாபநாசம் வாத்தியார்:
முழுக்க வேண்டாம். இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணியில இருக்கற கார்பனேட் தீர்ந்துட்டே வரும். ஆர்ஓ-வுல அது கிடையாது, பிஹெச் (அமில-கார அளவு) சரிஞ்சு சைக்கிளே நின்னுடும். ஆக்சோலாட்டிலுக்கும் கொஞ்சம் கடினத் தண்ணிதான் ஒத்துக்கும். போர் பாதி, ஆர்ஓ பாதி கலங்க, நைட்ரேட் 20-க்கு வந்துடும். அந்தத் தண்ணியால பாதித் தொட்டி மாத்துங்க. நைட்ரைட் இறங்கற வரைக்கும் அம்மோனியா போடாதீங்க.

இனிமே சொல்றதை ரொம்பக் கவனமா கேளுங்க. 29 டிகிரி பாக்டீரியா வளர நல்ல சூடு, அதனால சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) இப்போதைக்கு வேண்டாம். ஆனா இந்தப் பிராணி மெக்சிகோவுல 2,200 மீட்டருக்கு மேல இருக்கற சொச்சிமில்கோ ஏரியோடது. அதுக்கு 16லேருந்து 18 டிகிரிதான் வேணும். நம்ம சூட்டுல ஒரே நாள்ல 2 பிபிஎம் தின்ன பாக்டீரியா 18-ல மந்தமாயிடும். நைட்ரைட் பூஜ்யமானதும் சில்லரைப் போட்டு, 18-ல நிறுத்தி, மறுபடி அந்த ஒரு கிராமைப் போடுங்க. மறுநாள் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமா இருந்தா கொண்டுவாங்க. இல்லைன்னா அதே 18-லயே காத்திருங்க. சித்திரை வெயில்ல சில்லர் இல்லாம இதை வளர்க்கவே கூடாதுங்கறது என் அபிப்பிராயம்.

நாகை:
எங்க பக்கம் போர் உப்பு, கொள்ளிடம் குடிநீர்தான் பிடிக்கறேன். அதுல குளோரின் இருக்கறதால ஆன்டி குளோரின் போடாம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில அலசாதீங்க, குளோரின்ல பாக்டீரியா செத்துடும், தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க. கரண்ட் போனா பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் கிடைக்காது, பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. ஆக்சோலாட்டில் வளர்க்கறதை வனத்துறைக்குத் தெரிவிக்கற பரிவேஷ் இணையதளப் பதிவையும் விட்டுடாதீங்க.