ரெண்டு 18650 பேட்டரி போடுற வேப் மாட் (மின்சிகரெட் கருவி), "வீக் பேட்டரி"ன்னு காட்டுது. எந்த பேட்டரி வாங்கணும்?

குரோய்டன்_புதுசு:
அவசரம். ஃபயர் பட்டனை அழுத்தினா "வீக் பேட்டரி"ன்னு காட்டிட்டு நின்னுடுது. பேட்டரி ஃபுல் சார்ஜ்தான். இப்ப இருக்கிறது கொள்ளளவு 3400 எம்ஏஎச். ஆன்லைன்ல 9900 எம்ஏஎச் ஜோடி 8 பவுண்டுக்குக் கிடைக்குது. போட்டுடலாமா? இன்னைக்கே ஆர்டர் பண்ணணும்.

ஓம்_விதி:
ஆர்டர் பண்ணாதீங்க. 18650 சைஸ்ல நல்ல கம்பெனி செல் வழக்கமா 3500, 3600ஐத் தாண்டாது. 9900ன்னு அச்சடிச்சிருந்தா அது பொய். எம்ஏஎச்லயே பொய் சொல்றவன் ஆம்ப்லயும் சொல்வான்.
எத்தனை வாட்ல வைக்கிறீங்க? காயில் (உள்ளே சூடாகிற கம்பி) எத்தனை ஓம்? பேட்டரி மேல என்ன மாடல் எழுதியிருக்கு? ரெண்டும் ஒண்ணா வாங்கினதா? இதெல்லாம் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும்.

காண்டாக்ட்_சுத்தம்:
ஃபுல் சார்ஜ்ல இப்படி வந்தா காண்டாக்ட் அழுக்காவும் இருக்கலாம். பேட்டரியைக் கழட்டிட்டு உள்ளே இருக்கிற பிளேட்டையும், டேங்கைத் திருகுற இடத்துல இருக்கிற 510 பின்னையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காய விட்டுப் போடுங்க. அதுல சரியாச்சுன்னா புது பேட்டரியே தேவைப்படாது.

செல்_வாத்தியார்:
பிரிட்டன்ல 2025 ஜூன்ல டிஸ்போசபிள் வேப் விற்பனையைத் தடை பண்ணினதிலிருந்து இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது. மாட் வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரியைப் பத்திப் பத்து நிமிஷம் படிச்சிருக்கணும். முதல்ல பாக்க வேண்டியது எம்ஏஎச் இல்ல, தொடர்ந்து எத்தனை ஆம்ப் தாங்கும்ங்கிறது. உறை மேல "40 ஆம்ப்"னு பெருசா போட்டிருந்தா அது சில நொடி பல்ஸ் கணக்கு. அதை நம்பி வாங்கக் கூடாது.

குரோய்டன்_புதுசு:
80 வாட், 0.15 ஓம் மெஷ் காயில். பேட்டரி பச்சைக் கலர், என்சிஆர்18650பி. டார்ச்ல இருந்து எடுத்துப் போட்டது.

மெக்_மட்டும்:
0.15ஆ? 4.2ஐ 0.15ஆல வகுத்தா 28 ஆம்ப். 30 ஆம்ப் செல் இல்லாம அதைத் தொடாதீங்க.

ஓம்_விதி:
அந்தக் கணக்கு மெக் மாடுக்கு, அதாவது சிப் இல்லாம பேட்டரியை நேரா காயிலுக்குக் கொடுக்கிற மாடுக்கு. இவர்கிட்ட இருக்கிறது ரெகுலேட்டட். நடுவில சிப் மாத்திக் கொடுக்குது, அதனால பேட்டரியைப் பொறுத்தவரை காயில் ஓமுக்கு வேலை இல்ல, வாட் மட்டும்தான் கணக்கு.
80 வாட், ரெண்டு செல், ஆளுக்கு 40 வாட். செல் இறங்கிக் கிடக்கிற நிலைமைக்கு 3.2 வோல்ட்னு வச்சு வகுத்தா 12.5 ஆம்ப். சிப்ல பத்து சதவீதம் வீணாகும், ஆக கிட்டத்தட்ட 14 ஆம்ப். சீரிஸா பாரலலாங்கிறது இதை மாத்தாது.
உங்க பச்சை செல் தொடர்ச்சியா 7 ஆம்ப்கூடத் தாங்காது. சும்மா இருக்கும்போது 4.2 காட்டும். பட்டனை அழுத்தினதும் வோல்ட் சரிஞ்சிடும், சிப் அதைப் பார்த்து நிறுத்துது. மாட்ல கோளாறு இல்ல, அது உங்களைக் காப்பாத்துது.
சோதிக்கணும்னா 30 வாட்ல வச்சு ஒரு தடவை அழுத்துங்க. எரர் வரலைன்னா பெரும்பாலும் செல்தான் காரணம். அப்பவும் வந்தா காண்டாக்ட்_சுத்தம் சொன்னதைப் பாருங்க.

செல்_வாத்தியார்:
கணக்கு சரி. வாங்க வேண்டியது: முராட்டா (முன்னே சோனி) விடிசி5ஏ (2600, 25 ஆம்ப்) இல்லாட்டி மோலிசெல் பி28ஏ (2800). பி28ஏக்கு கம்பெனி 35 ஆம்ப்னு போடுது, நீங்க 25னு வச்சுக்கங்க. சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 ரெண்டும் 20 ஆம்ப், உங்களுக்குப் போதும். சாம்சங் 30க்யூ, விடிசி6 ரெண்டும் 15 ஆம்ப். 80 வாட்டுக்கு விளிம்புல நிக்கும், 60க்குக் கீழேன்னா தாராளம். ஃப்ளாட் டாப் (பிளஸ் முனை துருத்தாதது) எடுங்க. டார்ச்சுக்கு வர்ற புரொடெக்டட் செல் (பாதுகாப்பு சர்க்யூட் சேர்த்தது) சில மில்லிமீட்டர் நீளம் கூட, மூடியே சாத்தாது. 21700ங்கிறது இதைவிடப் பெரிய சைஸ், வித்தியாசம் பாத்து ஆர்டர் போடுங்க.

ஹரோ_வாசி:
தம்பி, ரெண்டு பற்றறியும் ஒரே நாள்ல வாங்கினதா இருக்கோணும். ஒண்டா சார்ஜ் போட்டு, ஒண்டா பாவியுங்கோ. பழசோட புதுசைக் கலக்காதேங்கோ. சுத்தியிருக்கிற உறை கிழிஞ்சால் உடன நிப்பாட்டுங்கோ. வெளித்தகடு முழுக்க மைனஸ், பிளஸ் முனையைச் சுத்தியிருக்கிற விளிம்பு வரைக்கும். நடுவில ஒரு சின்ன வளையம்தான் பிரிச்சு வச்சிருக்கு. உறை போனால் மாட்டின்ர உடம்பிலயே ஷோர்ட் ஆகும். வெறும் பற்றறியைத் திறப்போட (சாவியோட) பொக்கெட்டுக்க போடவே கூடாது, பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வையுங்கோ. மாட்டில யூஎஸ்பி குத்தாமல் தனிச் சார்ஜர் பாவியுங்கோ.

மெக்_மட்டும்:
யூஎஸ்பில என்ன தப்பு? இப்ப வர்ற மாட்ல ரெண்டு செல்லையும் சமமா ஏத்துற பேலன்ஸ் சார்ஜிங் இருக்கே.

ஹரோ_வாசி:
எல்லாத்திலயும் இல்லை. இருந்தாலும் சூடு மாட்டுக்குள்ளேயே அடைபடும், போர்ட் உடைஞ்சால் மாட்டே போச்சு. வெளியில எடுக்கேக்கதான் உறையையும் பாப்பீங்கள்.

மெக்_மட்டும்:
சைனா சார்ஜர் 4.2ல நிக்காம மேல ஏத்தினா அது பரவாயில்லையா? மலிவு சார்ஜரை விட நல்ல மாட் மேல்.

செல்_வாத்தியார்:
மலிவு சார்ஜரை யாரும் இங்க சொல்லல. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி வோல்ட் காட்டுற சார்ஜர், 1 ஆம்ப்ல வைங்க. பி28ஏ சுமார் மூணு மணி நேரம் ஆகும். தூங்கும்போது போடாதீங்க. பாவிச்சு முடிச்சதும் ரெண்டுக்கும் நடுவில 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் அடிக்கடி வந்தா ஜோடியையே மாத்துங்க. மெக் மாட் வச்சிருக்கிறவர் இதுல வாதாட வேண்டாம், அதுல சார்ஜ் போர்ட்டே கிடையாது.

மெக்_மட்டும்:
என்கிட்ட ரெண்டும் இருக்கு. கேள்விக்குப் பதில் சொல்லுங்க, ஆளைப் பாக்காதீங்க.

குரோய்டன்_புதுசு:
30ல எரர் வரல. பி28ஏ ஜோடி ஆர்டர் போட்டாச்சு, பேட்டரி கடையில. நன்றி.

ஓம்_விதி:
நல்லது. அது வர்ற வரைக்கும் 30க்கு மேல ஏத்தாதீங்க. பச்சை செல் ரெண்டையும் டார்ச்சுக்கே திருப்பிடுங்க. தூக்கிப் போடுறதா இருந்தா ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, சூப்பர்மார்க்கெட் வாசல்ல இருக்கிற பேட்டரி பெட்டியில போடுங்க, வீட்டுக் குப்பையில வேண்டாம். சார்ஜர் என்ன மாடல்னு சொல்லலையே?